ஆல்டன் துரைக்கு அறுபத்தொரு குண்டு

ஒன்று. கோட்டைப் பக்கமிருந்து வந்த சத்தத்தில் கிணற்றடி வேம்பிலிருந்த காக்கைகள் அத்தனையும் எழும்பிப் பறந்துவிட்டன. எனக்குத்தான் கால் எழும்பவில்லை. குளியலறைக்குத் தண்ணீர் சுமக்கிறவர்கள் ஏறுகிற பின்படிக்கட்டின் அடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஜெபமாலையில் ஒரு மணியைத் தள்ளு சவரியாயி, குண்டுக்கு ஒரு மணி, தப்பாமல் எண்ணு, இன்றைக்கு உனக்கு இருக்கிற கடிகாரம் அதுதான். துரைமார் வழக்கம் இது. பெரிய துரை ஒருவர் செத்தால், சவம் வீட்டைவிட்டுக் கிளம்புகிற நேரத்தில் கோட்டையில் பீரங்கி சுடத் தொடங்குவார்கள், நிமிஷத்துக்கு ஒன்று, செத்தவருக்கு வயசு எத்தனையோ அத்தனை. காலையில் பட்லர் தாவீது கண்ணெல்லாம் வீங்கிப்போய் அடுப்படிக்கு வந்து சொன்னான்: “அக்கா, ஊர்வலத்தோட எல்லாரும் போயிருவாங்க. வேலைக்காரங்களும் கையில கறுப்புத் துணி கட்டிக்கிட்டு வண்டி பின்னால நடக்கணுமாம். வீடு காலி. நான் மட்டும் வாசல்ல இருப்பேன். குண்டு சுடுற நேரந்தான் ஒங்களுக்கு. அது நின்னதும் செக்ரட்டரி துரை குதிரையில வந்து எழுத்தறையைப் பூட்டி அரக்கு வெச்சிருவாரு. காகிதம் பூராவும் அடுத்த கப்பல்ல சீமைக்குப் போயிரும். அப்பறம் பாப்பா இருக்கிற ஊரு ஒங்களுக்கு ஜென்மத்துக்கும் தெரியாது.” துரைக்குக் கடைசியாகக் கோட்டு மாட்டும்போது அவர் கடிகாரச் சங்கிலியிலிருந்து மேசைச் சாவியைக் கழற்றி வைத்திருந்தான். அதை என் கையில் வைத்துவிட்டு, “எத்தனை குண்டுக்கா இருக்கும்?” என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. “அறுபத்தொண்ணு” என்றேன். முப்பது வருஷம் அந்த மனுஷனோடு இருந்தவளுக்கு அவர் வயசு தெரியாதா? சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு. இரண்டு. ஜெபமாலையில் ஒரு சுற்றுக்கு ஐம்பது மணி, அதற்குமேல் பதினொன்று. அதற்குள் எனக்கு ஒரு காகிதம் வேண்டும். என் மகள் சாராள் எழுதியதில் ஒன்றே ஒன்று. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் கோயில் சாமியாருடைய எழுத்துக்காரர் ஊர்ப் பேரைப் படித்துச் சொல்வார், நான் சொல்லச் சொல்ல பதில் எழுதித் தருவார். உன் அப்பா போய்விட்டார் கண்ணே, உன் அம்மா இருக்கிறாள். மூன்று. ஏறு.

ஏழு. ஏறிவிட்டேன். குளியலறைக் கதவைத் தாண்டினால் படுக்கையறை, அதைத் தாண்டினால் எழுத்தறை, பத்தடி தூரம், ஆனால் கட்டில் நடுவில் கிடக்கிறதே. மெத்தையை எடுத்துப்போய் எரித்துவிட்டார்கள், கயிறு மட்டும் இருக்கிறது. இரண்டே நாள் பேதி. மைசூர்க்காரனுடைய பீரங்கியும் ராக்கெட்டும் கொல்லாத உடம்பை ஒரு குவளைத் தண்ணீரோ ஒரு துண்டு மாம்பழமோ கொன்றுவிட்டது, எது என்று யாருக்குத் தெரியும். நேற்று விடிகாலையில் நான் இந்தக் குளியலறை வாசலில்தான் நின்றிருந்தேன். டாக்டர் துரை என்னைத் திரும்பிப் பார்த்து, “ஆயா, சுடுதண்ணி” என்றார், நான் போய்க் கொண்டுவந்து கொடுத்தேன். ஆயா. சரிதான், கவுன்சில் துரையான பிறகு இந்த வீட்டில் எனக்கு அந்தப் பேர்தான், கிணற்றடி ஓட்டு வீடுதான், துணி எண்ணி அலமாரியில் வைக்கிற வேலைதான். அதற்கு முன்னால் திருச்சிராப்பள்ளிப் பாளையத்தில் நான் அவருடைய சோற்றைப் பிசைந்து ஊட்டியிருக்கிறேன். அம்மைப்புண்ணோடு கிடந்தார் அப்போது, முப்பத்தொரு வயசு, இரண்டு கையும் கட்டுப்போட்டு. எனக்குப் பதினேழு. சிப்பாய்க்குத் துணி வெளுக்கிற என் அப்பன் சலவை மூட்டையை என்னிடம் கொடுத்து அனுப்பினான், மூட்டையை வைத்துவிட்டு வரவேண்டியவள் அங்கேயே இருந்துவிட்டேன். எட்டு. முன்ஷி சொல்லிக்கொடுத்த தமிழ் அவருக்கு. என்னைப் பார்த்து, “பெண்ணே, உமது நாமதேயம் யாது?” என்று கேட்டார். பின்னால் நின்ற வேலைக்காரனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, எனக்கும்தான். சாகிறவரையில் அந்தத் தமிழ் மாறவே இல்லை. ரசம் வேண்டுமென்றால் “சற்றே ரசம் அருளும்” என்பார். கோபம் வந்தால் மட்டும் பாளையத்துச் சிப்பாய் வசவு அத்தனையும் சுத்தமாக வரும், அதை எந்த முன்ஷி சொல்லிக்கொடுத்தானோ. ஒன்பது. பத்து. பெரிய மணி வந்துவிட்டது, தாண்டு. இடது காது அவருக்குக் கேட்காது, கோட்டைச் சுவர் உடைக்கிற சண்டையில் பக்கத்தில் பீரங்கி வெடித்துப் போன காது. அதனால் நான் எப்போதும் வலப்பக்கம்தான் படுப்பேன், வலப்பக்கம்தான் உட்காருவேன். நேற்று டாக்டர் வலப்பக்கம் நின்றுகொண்டார். கட்டிலிலிருந்து அவர் கண் மட்டும் என்னைத் தேடித் திரும்பியது. வாய் அசைந்தது. “சாராள்” என்றார். தெளிவாகக் கேட்டேன். அதற்குமேல் சொல்ல வந்ததை வாந்தி கொண்டுபோய்விட்டது. ஊர்ப் பேரைத்தான் சொல்ல வந்தார், நிச்சயம் அதுதான், வேறென்ன இருக்கும் என்னிடம் சொல்ல?

பதினாறு. எழுத்தறையில் அவருடைய நாற்காலி. உட்காராதே என்றால் கேட்கிறதா இந்த உடம்பு, உட்கார்ந்துவிட்டேன். ஒரு நிமிஷம்தான். தோல் மெத்தையில் அவர் உட்கார்ந்த குழி இருக்கிறது, அதில் நான் பாதிகூட நிறையவில்லை. இந்த மேசையில் உட்கார்ந்துதான் தேசத்தை ஆண்டார்கள். இங்கே ஒரு கையெழுத்து, அங்கே ஒரு பாளையக்காரனுக்குக் கோட்டை போய்விடும். ஒருவரையொருவர் கழுத்தை அறுக்கத் திரிந்த மூன்று ராஜாக்களை ஒரே பந்தலில் உட்காரவைத்து, ஒன்பது நாள் பேசி, ஒரு குண்டு சுடாமல் சமாதானம் பண்ணிவைத்தவர் என்று அவரைச் சொல்வார்கள். குடியானவன் நிலத்தை அளந்து வரியைக் குறைத்ததற்காக அவர் பேரைப் பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறார்கள், ஆல்டன்சாமி என்று ஒருவன் போன மாதம்கூட வாழைத்தார் கொண்டுவந்து வாசலில் நின்றான். வரி கட்டாத ஊரில் இரண்டு பேரைத் தூக்கில் போட்டதும் அவர்தான், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன பேர் வைத்தார்களோ, யார் கண்டது. அதைப்பற்றி நான் கேட்டேன் ஒருநாள். கேட்காத காதை என் பக்கம் திருப்பிக்கொண்டார். வேண்டாத பேச்சு வந்தால் அந்தக் காது அவருக்கு ரொம்ப உபயோகம். பத்தொன்பது. பாப்பா விஷயத்திலும் அதைத்தானே செய்தார். ஆறு வயசு முடிந்த மறுநாள், “உமது குமாரத்தி சீமைக்குச் செல்லவேண்டும்” என்றார். துரைமார் பிள்ளைகள் எல்லாம் போகிறார்கள், இங்கே இருந்தால் அவளை யாரும் மதிக்கமாட்டார்கள், அங்கே போனால் சீமாட்டி ஆவாள். நான் காலில் விழுந்தேன். அழுதேன். மூன்று நாள் சோறு வைக்கவில்லை. அவர் இடது காதைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபது. இந்தக் கோட்டைக் கடற்கரைக்குத்தான் கொண்டுவந்தோம். பலகையைக் கயிற்றால் தைத்த அந்தப் படகில் ஏற்றி அலையைத் தாண்டிக் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். தாவீது அப்போது சின்னப் பையன், அவன்தான் அவளைத் தோளில் தூக்கிப்போய்ப் படகில் வைத்தான். காலில் புதுச் சப்பாத்து, கடிக்கிறது கடிக்கிறது என்று அழுதுகொண்டே என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. நான்தான், பாவி, நான்தான் சொன்னேன்: “நீ போ கண்ணு, அம்மா அடுத்த படகுல வர்றேன்.” உடனே விட்டுவிட்டாள். நான் சொன்னால் நம்புவாள். இருபத்திரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறாளோ, என்றைக்கு வெறுத்தாளோ. அதைத்தான் எழுதவேண்டும், வேறொன்றும் வேண்டாம். அடுத்த படகில் என்னை ஏறவிடவில்லை கண்ணே. அம்மா பொய் சொன்னேன், ஆனால் வர மனமில்லாமல் இல்லை. அவ்வளவுதான். இந்த ஒரு வார்த்தை போய்ச் சேர்ந்துவிட்டால் நான் எந்தக் குழிக்குள்ளும் சிரித்துக்கொண்டே இறங்குவேன்.

இருபத்தாறா? மணி இருபத்தாறில்தான் இருக்கிறது, தப்பவில்லை. மேசையைத் திற. சாவி நுழைய மாட்டேன் என்கிறது, இல்லை, நான்தான் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும். யேசு பிறந்த நத்தார் பூசை முடிந்து வந்ததும் ஆள் அனுப்புவார், நான் புதுச்சேலையோடு இதே பின்படிக்கட்டில் ஏறி வருவேன். கதவைச் சாத்திவிட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காகிதத்தைக் கையில் பிடித்துத் தமிழில் சொல்வார். முதல் சில வருஷம் ரொம்பக் கஞ்சம். “உமது குமாரத்தி க்ஷேமமாக இருக்கிறாள். எழுத்துக் கூட்டுகிறாள்.” முடிந்தது. இதற்கா ஒரு வருஷம் காத்திருந்தேன் என்று இருக்கும். இன்னும் என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டால், “வேறு யாதுமில்லை” என்று காகிதத்தை மடித்துவிடுவார். வயசாக ஆக மனசு இளகியதோ என்னவோ, பிற்பாடு நிறையச் சொல்ல ஆரம்பித்தார். பாப்பா பெட்டி வாத்தியம் வாசிக்கிறாள். பாப்பாவுக்குப் பத்தொன்பதில் கல்யாணம், மாப்பிள்ளைக்கு மருந்துக்கடை, நல்ல குணம், குடிக்கமாட்டார். வீட்டுக்குப் பின்னால் ஒரு பழமரம், அதன் கிளை மாடி ஜன்னலில் இடிக்கிறது, வெட்டலாமா வேண்டாமா என்று புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு வருஷமாகச் சண்டை. நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். பேரன் பிறந்தான், ஆர்தர். அப்புறம் பேத்தி. “பேத்தியின் நாசி உம்முடையதைப் போன்றதாம்” என்றார், நான் அன்றைக்கெல்லாம் மூக்கைத் தடவிக்கொண்டே திரிந்தேன். போன நத்தாரில் மூன்றாவது பிள்ளை, நடக்க ஆரம்பித்துவிட்டதாம். மூன்றுக்கும் நான் குல்லாய் தைத்தேன், வெள்ளை மல்துணியில், ஓரத்தில் சிவப்பு நூல். கப்பலில் அனுப்புகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார். முப்பத்தொன்று. திறந்துவிட்டது.

எத்தனை அறை இந்த மேசைக்கு, தேன்கூடுதான். முதலில் வரைபடங்கள், ஆறும் மலையும், அவர் வெட்டிய வாய்க்கால் நீல மையில். கண்டது எல்லாவற்றையும் கோடு போட்டு வைத்திருக்கிறார். அடுத்ததில் முத்திரைகள், ஒரு கைத்துப்பாக்கி, கல் வைத்த ஒரு மோதிரம், அதைத் தொடாதே, திருடி என்பார்கள். முப்பத்தாறு. அடுத்ததில் ஒரு பழைய பல், பொதிந்து வைத்திருக்கிறார், அவருடையதுதான், பிடுங்கிய அன்று சாராயம் குடித்துவிட்டு என் மடியில் படுத்து அழுததை எந்தக் கவுன்சிலுக்கும் சொன்னதில்லை நான். அடுத்தது மனுக்கள், தமிழில், தெலுங்கில், மராட்டியில், கட்டுக்கட்டாக. நாற்பது. வெளியே தூரத்தில் பாண்டு வாத்தியம் இழுத்து இழுத்து வாசிக்கிறது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். இந்நேரம் பாலத்தைத் தாண்டியிருப்பார்கள். குதிரையின் மேல் ஆள் இல்லாமல், சேணத்தில் அவருடைய பூட்சை மட்டும் தலைகீழாக மாட்டி நடத்திப் போவார்களாம். அந்தப் பூட்சை நான்தான் நேற்று மெழுகு போட்டுத் தேய்த்தேன், யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். சவத்தின் பின்னால் ஊர்ப்பட்ட ஜனம் நடக்கிறது, எனக்குத்தான் இடமில்லை. நான் போனால் யார் என்று கேட்பார்கள், ஆயா என்று சொல்வார்கள். நாற்பத்திமூன்று. இந்த அறை பூட்டியிருக்கிறது, அதே சாவிதானா? அதே சாவிதான். திற. ஏன் திறக்காமல் நிற்கிறாய்? இதுதான் கடைசி அறை, இதிலும் இல்லையென்றால் எங்கேயும் இல்லை, அதனால்தானே. நாற்பத்திநாலு. பயமாக இருக்கிறது. மாதாவே, ஒரே ஒரு காகிதம்.

குல்லாய்கள். மூன்றும் இருக்கின்றன. வெள்ளை மல், சிவப்பு நூல், என் தையல். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் கற்பூரம் வைத்து, பத்திரமாக. நாற்பத்தெட்டு. அட மனுஷா! அனுப்புகிறேன் அனுப்புகிறேன் என்று சொல்லி மறந்தேபோனீரா? மூன்று பிள்ளைகளும் வெறுந்தலையோடு அந்தக் குளிரில் ஓடியிருக்கும். ஊருக்கெல்லாம் வாய்க்கால் வெட்டத் தெரிந்தவருக்கு மூன்று குல்லாயைக் கப்பலில் போடத் தெரியவில்லை. நாற்பத்தொன்பது. வேலை மும்முரம், மறந்திருப்பார், ஆண்பிள்ளை. ஆனால் மறக்கிறவர் கற்பூரம் வைப்பாரா? இரு, அதை அப்புறம் யோசி. குல்லாய்க்கு அடியில் ஒரு கட்டு, சிவப்பு நாடா போட்டது. ஐம்பது. ஒரு சுற்று முடிந்தது, இன்னும் பதினொன்று. நாடாவைப் பல்லால் இழுத்தேன், வந்துவிட்டது. முதல் காகிதத்தில் பென்சில் கோடு கிழித்து அதன்மேல் ஒவ்வொரு எழுத்தும் சுண்டைக்காய் அளவு. கீழே ஒரு படம். ஒரு பொம்பளை. சேலை கட்டியிருக்கிறாள். மூக்குத்தி போட்டிருக்கிறாள். வாய் பெரிசாகச் சிரிக்கிறது. ஐயோ, நான்தான். நான்தானே இது, சீமையில் யார் மூக்குத்தி போடுகிறார்கள்? என்னை வரைந்திருக்கிறாள், ஏழு வயசுப் பிள்ளை, அந்தக் குளிரில் உட்கார்ந்து என்னை வரைந்து கப்பலில் அனுப்பியிருக்கிறாள், அதை என் கண்ணில் காட்டாமல் “வேறு யாதுமில்லை” என்று மடித்து வைத்துக்கொண்டாரே இந்தப் படுபாவி! ஒரு படத்தைக் காட்டினால் ராஜ்யம் கவிழ்ந்துவிடுமா? நான் அழுவேன் என்றுதானே? அழுதுவிட்டுப் போகிறேன், என் அழுகை உமக்கு என்ன செய்தது? ஐம்பத்திரண்டு. இரண்டாவது காகிதம். எழுத்து கொஞ்சம் சின்னது. பொம்பளை இருக்கிறாள், மூக்குத்தி இடது பக்கம் போய்விட்டது. எனக்கு வலது பக்கம் கண்ணே. மூன்றாவதில் சேலை இல்லை, கவுன் போட்டிருக்கிறது, மூக்குத்தி மட்டும் இருக்கிறது. நாலாவதில் படம் இல்லை. ஐந்து, ஆறு. கோடு இல்லாமலே நேராக எழுதுகிறாள். ஏழு. எழுத்து சாய்ந்து ஓடுகிறது, மல்லிகைக் கொடி மாதிரி. எனக்கு ஓர் அட்சரம் தெரியாது, ஆனால் பிள்ளை வளர்வது தெரிகிறது, என் கையிலேயே வளர்கிறாள், எட்டு, ஒன்பது. ஐம்பத்தைந்து. எவ்வளவு அழகான கை. ஒன்பதுக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது, அதை எடு.

இது அவள் கை இல்லை. முள்ளு முள்ளாக வேறு யாரோ எழுதியது. சுற்றிலும் ஓரத்தில் கறுப்புக் கரை. இந்தக் கரை எனக்குத் தெரியும். நேற்றுக் காலையிலிருந்து இந்த வீட்டிலிருந்து ஊர்முழுக்கப் போனதெல்லாம் இதே கரை போட்ட காகிதம்தான். சாவைச் சொல்வதற்கு மட்டும்தான் துரைமார் இப்படிக் கறுப்பு அடிப்பார்கள், அரக்குகூடக் கறுப்புதான் வைப்பார்கள் என்று தாவீது தட்டில் அடுக்கும்போது சொன்னான். ஐம்பத்தாறு. இதிலும் கறுப்பு அரக்கு. வேறு யாராவது செத்திருப்பார்கள். அவருடைய அம்மா. ஆமாம், அம்மாவாக இருக்கும். ஆனால் கிழவி செத்தது சாராள் பிறக்கும் முன்னால், சேதி வந்த அன்றைக்கு நான்தான் அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். அப்புறம் ஏன் இந்தக் கட்டில் இருக்கிறது? இதற்கு அடியில் எங்கே மற்றக் கடிதங்கள், கல்யாணம் எங்கே, மருந்துக்கடை எங்கே, ஆர்தர் எங்கே? அறைக்குள் கையை விட்டுத் துழாவுகிறேன், பலகைதான் தட்டுகிறது. ஐம்பத்தேழு. காகிதம் பழுத்துப்போயிருக்கிறது, பூச்சி அரித்திருக்கிறது, மடிப்பில் கிழிந்து பின்புறம் தாள் ஒட்டியிருக்கிறது, எத்தனை தடவை பிரித்துப் படித்தால் இப்படிக் கிழியும். ஆறு வயசில் போனாள். வருஷத்துக்கு ஒன்று, ஒன்பது கடிதம். பதினைந்து. பதினைந்தோடு நின்றுவிட்டது. ஐம்பத்தெட்டு. இல்லை. அப்படியானால் பத்தொன்பதில் கல்யாணம் ஆனது யாருக்கு? ஜன்னலில் இடித்த மரம் யார் வீட்டு மரம்? என் மூக்கோடு பிறந்தது யார்? வருஷாவருஷம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையில் பிடித்தாரே ஒரு காகிதம், அது என்ன காகிதம்? ஏதாவது தாசில்தார் எழுதிய மனுவா? வாய்க்கால் கணக்கா? அதைப் பார்த்துக்கொண்டே என் மகளுக்கு மாப்பிள்ளை தேடினாரா? அதனால்தானா கஞ்சமாகச் சொன்னவர் திடீரென்று தாராளமாகச் சொல்ல ஆரம்பித்தார்? உயிரோடு இருந்தவளைப் பற்றி ஒரு வரி, செத்தவளைப் பற்றி ஊர்க்கதை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள், இவர் இல்லாத ஒரு குடும்பத்தையே சோறு போட்டு வளர்த்துக் காட்டினார். ஐம்பத்தொன்பது. பதின்மூன்று வருஷம். பதின்மூன்று நத்தாருக்கு நான் புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்து செத்த பிள்ளையின் சுகத்தை விசாரித்திருக்கிறேன். அவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஒரு பூசை வைக்கவில்லை. சிரித்தேன். மரத்தை வெட்டச் சொல்லுங்கள் என்று புத்தி சொல்லி அனுப்பினேன். அவரைக் கொல்லலாம் என்று இருக்கிறது, அவர் ஏற்கெனவே செத்துவிட்டார். அந்தக் கட்டில் கயிற்றில் போய் விழுந்து கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. பாவம், இதே நாற்காலியில் தனியாக உட்கார்ந்து அந்தக் கறுப்புக் கரையைப் பிரித்துப் பிரித்துப் படித்திருக்கிறார், என்னிடம் சொல்ல வாய் வரவில்லை. மூன்று ராஜாவிடம் பேசிய வாய். நேற்று சாராள் என்றாரே, அதற்குமேல் சொல்ல வந்தது ஊர்ப் பேர் இல்லை. அறுபது. எனக்கு இப்போது தெரிகிறது, அது ஊர்ப் பேர் இல்லை.

அறுபத்தொன்று. முடிந்தது. எழுந்திரு சவரியாயி, எல்லாவற்றையும் இருந்தபடி வை, குழிக்குள் அவரை இறக்கிவிட்டார்கள், செக்ரட்டரி துரை குதிரையைத் திருப்பியிருப்பார். குல்லாயை உள்ளே வை. கட்டைக் கட்டு. நாடா முடிச்சு விழமாட்டேன் என்கிறது. வாய்விட்டு அழக்கூடாது, கீழே கேட்கும், ரோட்டுக்குக் கேட்கும், ஆயா எதற்கு அழுகிறாள் என்பார்கள். அறைக்குள் அமைதி. இனிமேல் இந்த அமைதிதான். அப்போது மறுபடி கோட்டையில் சுட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அறுபத்திரண்டா? தப்பாக எண்ணிவிட்டேனா? இல்லை, ஜெபமாலை இரண்டாம் சுற்றில் பதினொன்றாம் மணியில் நிற்கிறது, நான் எண்ணியது சரி. அட, எண்ணியது சரி, வயசுதான் தப்பு. பதினாலு வயசில் பட்டாளத்தில் சேர அவருடைய மாமன் பதினாறு என்று எழுதிக்கொடுத்தான், கும்பெனிப் புஸ்தகத்தில் சாகிறவரையில் அதுதான் அவர் வயசு. “கும்பெனியாருக்கு நான் இரண்டு வயது மூத்தவன்” என்று என்னிடம் மட்டும் சொல்லிச் சிரிப்பார். நான் மடச்சி, உண்மை வயசு தெரிந்த மிதப்பில், கோட்டைக்காரனும் என்னிடம் கேட்டுச் சுடுவான் என்று நினைத்துவிட்டேன். அவனுக்கு அறுபத்துமூன்று. அப்படியானால் இப்போது சுட்டது யாருக்கு? அறுபத்திரண்டு வயசை அவர் வாழவே இல்லையே. அடுத்ததையும் வாழவில்லை. அவருக்குச் சேரவேண்டிய அறுபத்தொன்றும் சேர்ந்தாயிற்று. இந்த இரண்டும் யாருக்கும் சொந்தமில்லை. யாருக்கும் சொந்தமில்லை என்றால் என் பிள்ளைக்கு. அவளுக்கு யார் குண்டு சுட்டார்கள், யார் கூட நடந்தார்கள், கூடப் பிறந்ததா, தாய் முகமா, ஒன்றுமில்லாமல் எந்த மண்ணிலோ போட்டு மூடியிருப்பார்கள். சற்று முன்னால் சுட்டது ஒன்று. அவளுக்கு ஒன்று. நான் காத்திருக்கிறேன். ஒரு நிமிஷம் இவ்வளவு நீளமா? சுடுங்கள், சீக்கிரம் சுடுங்கள். சுட்டது. இரண்டு. அந்தச் சத்தத்துக்குள் நான் வாயைத் திறந்துவிட்டேன், என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது, என் மகளே என்றுதான் இருக்கும். அடுத்ததற்குக் காத்திருந்தேன். ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. நிறுத்திவிட்டார்கள். பதினைந்து வேண்டும், இரண்டோடு நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் செத்தவர்களுக்குப் பீரங்கி எங்கே இருக்கிறது, நெஞ்சுதான் இருக்கிறது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓங்கி அடித்தேன். மூன்று. வலிக்கவில்லை, சரியாக அடி. நாலு. ஐந்து. வாசலில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்கிறது, கேட்கட்டும். ஆறு. முதல் படத்தை மேசைமேல் வைத்திருக்கிறேன், மூக்குத்தி போட்டவள் வாயெல்லாம் சிரிப்பாக என்னைப் பார்க்கிறாள். ஏழு. பின்படிக்கட்டில் யாரோ ஓடி வருகிறார்கள். எட்டு. தாவீது கதவில் நிற்கிறான், மூச்சு வாங்குகிறது. “அக்கா, வந்துட்டாரு, கேட்டுக்குள்ள வந்துட்டாரு, எறங்குங்க! ஊரு கெடச்சுதா? பாப்பா ஊரு கெடச்சுதா?” ஒன்பது. “என்னக்கா பண்றீங்க? துரைக்கு மாரடிக்கிற நேரமா இது? வாங்கக்கா, என் பொழப்பும் போயிரும்.” பத்து. கையைப் பிடிக்க வந்தான், பிடித்த கையோடு சேர்த்து அடித்துக்கொண்டேன். பதினொன்று. அவன் மேசையைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான், பக்கத்தில் விரிந்து கிடந்த கறுப்புக் கரையைப் பார்த்தான், என் கையை விட்டுவிட்டான்.

“இரு தாவீது” என்றேன். “பாப்பாவுக்குப் பதினஞ்சு. இன்னும் நாலு இருக்கு.”